மாடித் தோட்டத்துக்கு ஒரு படம்: அதில் யார் கை இருக்க வேண்டும்?



நம் பி பிளாக் மொட்டை மாடியில் கூட்டுத் தோட்டம் ஆரம்பித்து ஒன்பது மாதம் ஆகிறது. அரைக்கீரையும் சிறுகீரையும் நன்றாகவே வருகின்றன. வெண்டை பரவாயில்லை. தக்காளியைப் பற்றி இப்போது பேச வேண்டாம். போன கமிட்டிக் கூட்டத்தில் தோட்டத்துக்கென்று ஒரு சின்னம் வேண்டும் என்று முடிவானது உங்களுக்கு நினைவிருக்கும். துணிப்பையில் அச்சடிக்க, லிஃப்ட் பக்கத்துப் பலகையில் மாட்ட, வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் வைக்க ஒரே படம். கம்ப்யூட்டரில் இரண்டு நிமிடத்தில் கிடைப்பது வேண்டாம், நம்மில் ஒருவர் கையால் வரைந்ததுதான் வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். நம் குடியிருப்பில் தண்ணீர் லாரி விஷயத்தில்கூட இப்படி ஒரே குரல் எழுந்ததில்லை.

மூன்று படங்கள் வந்திருக்கின்றன. முதல் படத்தில் தலைப்பாகை கட்டிய விவசாயி, ஏர், இரண்டு மாடுகள். இரண்டாவதில் தொப்பி போட்ட அப்பா, பூவாளி பிடித்த அம்மா, கூடை ஏந்திய இரண்டு பிள்ளைகள். மூன்றாவதில் ஒரு கீரைச் செடியைத் தாங்கும் இரண்டு கைகள். வருகிற பொதுக்குழுவில் ஓட்டு. மூன்றையும் வரைந்தவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள், மருமகள்கள்தான். யார் மனமும் நோகாமல் எழுத வேண்டும் என்ற எச்சரிக்கையோடு இந்த 'வரலாற்றுப் பக்கம்' எழுதுகிறேன்.

நான் படித்தது பி.காம். பிழைத்தது வங்கிக் கவுன்ட்டரில். ஓவியம் எனக்குத் தெரியாது. ஆனால் கையெழுத்து தெரியும். வங்கியில் கணக்குத் தொடங்கும்போது ஸ்பெசிமன் கையெழுத்து வாங்கி வைப்போம். அது அழகாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நாளைக்கு வரும் செக்கில் இருக்கும் கையெழுத்து அதோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. ஒத்துப்போகாவிட்டால் கோடீஸ்வரர் செக்காக இருந்தாலும் திரும்பிவிடும். ஊர் கூடிப் போட்ட தோட்டங்களுக்கு வரைந்த படங்களின் கதையைப் படித்தபோது எனக்கு அந்த அட்டைப்பெட்டிதான் ஞாபகம் வந்தது. நீங்களும் அந்தக் கண்ணோடு இதைப் படித்துப் பாருங்கள்.

கேலிப் பெயரே அடையாளமானது

1893-ல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார வீழ்ச்சி. வங்கிகள் மூடின, ரயில் கம்பெனிகள் திவாலாயின. டெட்ராய்ட் நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அவர்களில் போலந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் குடியேறியவர்கள் நிறையப் பேர். அந்த ஊர் மேயர் ஹேசன் பிங்கிரி, ஷூ தொழிற்சாலை நடத்தியவர். 1894-ல் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஊரைச் சுற்றி எத்தனையோ மனைகள் சும்மா கிடக்கின்றன. சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கி, வேலையில்லாதவர்களுக்குப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக் கொடுத்தால் என்ன? முதல் ஆண்டிலேயே சுமார் 430 ஏக்கர் சேர்ந்தது. 900-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் உருளைக்கிழங்கும் பீன்ஸும் போட்டன. எப்படிப் பயிரிடுவது என்ற குறிப்பை ஆங்கிலத்தோடு போலிஷ், ஜெர்மன் மொழிகளிலும் அச்சடித்துக் கொடுத்தார்கள். பணம் போதாதபோது மேயர் தன் குதிரையை ஏலம் விட்டார் என்பார்கள்.

பத்திரிகைக்காரர்களுக்கு இது நல்ல தீனி. 'உருளைக்கிழங்குப் பாத்தி பிங்கிரி' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அறுவடை வந்தது, சிரிப்பு அடங்கியது. மற்ற நகரங்களும் அதே திட்டத்தை எடுத்துக்கொண்டன. கேலியாக வைத்த பெயரே கௌரவப் பெயராகிவிட்டது. 1897-ல் அவர் மிச்சிகன் மாநிலத்துக்கே கவர்னர் ஆனார்.

இந்தத் தோட்டத்துக்கு யாரும் உட்கார்ந்து சின்னம் வரையவில்லை. ஆனாலும் அந்தப் பெயர் நின்றது. அங்கே உருளைக்கிழங்கு உண்மையிலேயே இருந்தது, பாத்தியும் இருந்தது, வேலை செய்தவர்கள் மொழியில் அவர்களோடு பேசவும் செய்தார்கள். அட்டையும் செக்கும் ஒத்துப்போயின.

கொடியைச் சுற்றிக்கொண்டு விதை தூவிய பெண்

அடுத்து வந்தது முதல் உலகப் போர். 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியது. ஐரோப்பாவில் வயல்களெல்லாம் போர்க்களமாகிவிட்டதால் நேச நாடுகளுக்கும் அங்கிருந்து உணவு போக வேண்டும். சார்ல்ஸ் லேத்ராப் பேக் என்ற செல்வந்தர் தேசியப் போர்க்காலத் தோட்டக் குழு ஒன்றை அமைத்தார். கொல்லையில், பள்ளி மைதானத்தில், காலி மனையில் காய்கறி போடுங்கள் என்பதே அதன் வேலை. 1918-ல் 52 லட்சத்துக்கு மேல் தோட்டங்கள் இருந்ததாக அந்தக் குழுவே கணக்குக் காட்டியது.

அந்தக் காலத்தில் தொலைக்காட்சி இல்லை, ரேடியோ ஒலிபரப்பும் வரவில்லை. சுவரில் ஒட்டும் படம்தான் விளம்பரம். விரல் நீட்டி ஆள் அழைக்கும் 'அங்கிள் சாம்' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை வரைந்த ஜேம்ஸ் மான்ட்கோமெரி ஃப்ளாக்தான் தோட்டக் குழுவுக்கும் ஒரு போஸ்டர் வரைந்தார். அமெரிக்காவையே பெண்ணாக உருவகித்து, தேசியக் கொடியை உடையாக உடுத்தி, உழுத நிலத்தில் அவள் விதை தூவுவதுபோல வரைந்தார். படம் பிரமாதம். இன்றும் அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்படி உடுத்திக்கொண்டு யாரும் களை பிடுங்கியிருக்க மாட்டார்கள். நம் ஏர், மாடு படத்தைப் பார்த்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. மாடு நம் லிஃப்டில் ஏறாது.

அதே சமயம் கல்வித் துறை, பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு 'பள்ளித் தோட்டப் படை' என்று ஒன்றைத் தொடங்கியது. அதற்கு 1919-ல் படம் வரைந்தவர் மேஜினல் ரைட் என்ரைட் என்ற பெண் ஓவியர். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட்டின் தங்கை. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைந்து பெயர் வாங்கியவர். அவர் படத்தில் அங்கிள் சாம் குழல் ஊதிக்கொண்டு முன்னால் போகிறார். தோட்டக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் பின்னால் வரிசையாக வருகிறார்கள். இது கொடி உடுத்திய பெண்ணைவிட ஒரு படி நெருக்கம். வேலை செய்யப் போகிற பிள்ளைகளே படத்தில் இருக்கிறார்கள், கையில் கருவியும் இருக்கிறது.

குழல்காரன் என்பது ஹாம்லின் ஊர்க் கதை. ஊரிலிருந்த எலிகளை எல்லாம் குழல் ஊதி ஒழித்தவனுக்குப் பேசிய கூலியை ஊர்க்காரர்கள் கொடுக்கவில்லை. அவன் திரும்பி வந்து குழல் ஊதி, அவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டான். பிள்ளைகளைச் சம்பளமில்லாத வேலைக்குக் கூப்பிடும் படத்துக்கு அந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தபோது யாரும் கூலிப் பகுதியை யோசித்ததாகத் தெரியவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருகிறேன்.

மண்வெட்டியும் கப்பலும்

இரண்டாம் உலகப் போர் 1939 செப்டம்பரில் தொடங்கியது. பிரிட்டன் தீவு நாடு. சாப்பாட்டில் பாதிக்கு மேல் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அந்தக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தால் நாடு பட்டினி. அக்டோபரிலேயே விவசாய அமைச்சர் ரெஜினால்ட் டோர்மன்-ஸ்மித் வானொலியில் வேண்டுகோள் விடுத்தார். 'வெற்றிக்காகத் தோண்டுங்கள்' என்ற இயக்கம் பிறந்தது. லண்டன் டவர் கோட்டையின் அகழியில்கூடக் காய்கறி போட்டார்கள். தோட்டத்துக்கென்று மக்களுக்குக் குத்தகைக்கு விடும் சிறு மனைகள் போருக்கு முன் சுமார் 8 லட்சம்; 1943 வாக்கில் 14 லட்சம்.

இந்த இயக்கத்தின் அடையாளம் என்ன தெரியுமா? ஒரு கால். பூட்ஸ் போட்ட ஒரு கால், மண்வெட்டியை மிதித்து மண்ணுக்குள் இறக்குகிறது. முகம் இல்லை, கொடி இல்லை. ஆண்டுக்கணக்கில் அந்தக் கால்தான் துண்டுப் பிரசுரங்களிலும் சுவர்களிலும் வந்தது. அது கையால் வரைந்ததல்ல, புகைப்படம். ஆனாலும் இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பார்த்தவுடன், 'என்ன செய்ய வேண்டும்?' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது.

கையால் வரைந்தவர்களில் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். ஏப்ரம் கேம்ஸ். 1914-ல் லண்டன் வைட்சாப்பலில் பிறந்தவர், தந்தை புகைப்படக்காரர். போரின்போது பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அதிகாரபூர்வமாகப் போஸ்டர் வரைந்தவர். முகாம்களில் இருந்த சிப்பாய்களும் காய்கறி பயிரிட வேண்டும் என்று சொல்ல அவர் வரைந்த படத்தில் மண்வெட்டியும் கப்பலும் ஒன்றோடு ஒன்று இணைந்திருக்கும். நீ ஒரு பாத்தி தோண்டினால் கப்பலில் அவ்வளவு இடம் மிச்சம், ஒரு மாலுமியின் உயிருக்கு அவ்வளவு ஆபத்து குறைவு என்ற கணக்கு அதிலேயே அடங்கிவிட்டது. குறைந்த கோடுகளில் நிறைந்த பொருள் என்பது அவர் கொள்கை.

இன்னொரு பக்கம் உணவு அமைச்சகம் 'டாக்டர் கேரட்', 'பொட்டேட்டோ பீட்' என்று கை, கால் முளைத்த காய்கறிகளை வரைந்து வீட்டுக்கு வீடு பழக்கப்படுத்தியது. அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனத்தின் ஓவியரும் ஒரு கேரட் குடும்பத்தையே வரைந்து கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பிடித்தது, கேரட் விற்றது. ஆனால் கேரட் சாப்பிட்டால் இருட்டிலும் கண் தெரியும் என்ற கதையும் அதோடு பரவியது. இரவில் எதிரி விமானங்களை வீழ்த்திய விமானிகளுக்கு உண்மையில் உதவியது ரேடார். இன்றும் நம் வீடுகளில் அந்தக் கேரட் கதையை நம்புகிறோம். நல்ல படம் உண்மையை எவ்வளவு தூரம் கொண்டுபோகுமோ, பொய்யையும் அவ்வளவு தூரம் கொண்டுபோகும்.

படத்தில் இல்லாதவர்கள்

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. அமெரிக்காவும் போரில் இறங்கியது. 'வெற்றித் தோட்டம்' என்ற பெயரில் மறுபடியும் இயக்கம், மறுபடியும் போஸ்டர்கள். அதிபர் மாளிகைப் புல்வெளியிலேயே 1943-ல் ஒரு தோட்டம் போட எலினார் ரூஸ்வெல்ட் ஏற்பாடு செய்தார். நாடு முழுக்க ஏறத்தாழ 2 கோடித் தோட்டங்கள் இருந்ததாக மதிப்பிட்டார்கள்.

அதே 1942-ல், பிப்ரவரி 19-ஆம் தேதி, அதிபர் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். அதன்படி மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வீடு, நிலம், கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாம்களுக்குப் போகச் செய்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். கலிஃபோர்னியாவில் காய்கறி விவசாயத்தில் பெரும் பங்கு இவர்களுடையது. அதாவது, காய்கறி போடுங்கள் என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிய அதே வேளையில், காய்கறி போடுவதில் கைதேர்ந்தவர்களை முள்வேலிக்குள் வைத்தார்கள். சிரித்த முகத்தோடு கூடை நிறைய தக்காளி ஏந்தி நிற்கும் போஸ்டர் குடும்பங்களில் இவர்கள் முகம் இல்லை.

கலிஃபோர்னியாவின் மான்ஸனார் என்ற இடத்தில் இருந்த முகாமில் 10,000 பேர் வரை இருந்தார்கள். மணல் காற்று அடிக்கும் வறண்ட இடம். அங்கேயும் தார்க் காகிதம் போர்த்திய மரக் கொட்டகைகளுக்கு நடுவில் பாத்தி கட்டிக் காய்கறி வளர்த்தார்கள். 1988-ல்தான் அமெரிக்க அரசு சட்டபூர்வமாக மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது.

இதைப் படித்த பிறகு அந்த அழகான போஸ்டர்களை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. வரைந்தவர் கையில் குற்றமில்லை. கணக்குத்தான் தவறு. உழைத்தவர் பெயரில் வரவு வைக்கவில்லை.

போர் முடிந்ததும் பெரும்பாலான தோட்டங்கள் மறைந்தன. வெற்றி வந்தாயிற்று, இனி எதற்கு என்று விட்டுவிட்டார்கள். தப்பியவற்றில் ஒன்று பாஸ்டன் நகரத்தின் ஃபென்வே தோட்டம். 1942-ல் தொடங்கி இன்றும் சுமார் 7 ஏக்கரில் நடக்கிறது. அங்கே பயிரிட்டவர்கள் 1944-லேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். பிறகு அந்த இடத்தில் மருத்துவமனை, பள்ளிக்கூடம், கார் நிறுத்துமிடம் என்று பல யோசனைகள் வந்தபோது எதிர்த்து நின்றது அந்தச் சங்கம்தான். போஸ்டர் கூட்டி வந்த கூட்டம் கலைந்தது. பொறுப்பைப் பகிர்ந்துகொண்டவர்கள் நிலைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ரெஜிஸ்டர்

இனி நம் மாடிக்கு வருவோம். தண்ணீர் ஊற்ற ஒரு முறைப்பட்டியல் போட்டோம். மாடிக் கதவுக்குப் பக்கத்தில் ரெஜிஸ்டர் தொங்குகிறது. செவ்வாய்க்கிழமை என் முறை. முதல் இரண்டு மாதம் ஒழுங்காகப் போனேன். பிறகு முழங்கால் வலி, பிறகு பேரன் வந்தான், பிறகு பழக்கம் விட்டுப்போனது. ஆனால் மாலையில் வாக்கிங் போகும்போது ரெஜிஸ்டரில் கையெழுத்து மட்டும் போட்டுவிடுவேன். செடி வாடவில்லை, ஆகவே யாரோ ஊற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கட்டுரைக்காக ஒருநாள் மூன்று படங்களையும் எடுத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கு மாடிக்குப் போனேன், தோட்டத்தோடு வைத்துப் பார்க்கலாம் என்று. நம் ஹவுஸ்கீப்பிங் அம்மா ஒருவர் இரண்டு பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொரு பைக்கும் குவளையால் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை நேரம் ஏழு மணிக்குத்தான் தொடங்குகிறது. "தினமும் நீங்களா ஊத்துறீங்க?" என்று கேட்டேன். "காஞ்சு போவுதே சார், பாக்க மனசு கேக்கல" என்றார். கீரை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். "அது உங்க தோட்டம் சார். நான் எடுத்துட்டுப் போனா கேட்டுல பையப் பாப்பாங்க."

முப்பத்தாறு வருடத்தில் ஒரு ரூபாய்க்குப் பொய் எண்ட்ரி போட்டதில்லை என்று வீட்டில் பெருமை பேசுகிறவன் நான். அந்த ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து மட்டும் பதினோரு செவ்வாய்க்கிழமைகளில் இருந்தது. மற்றவர்கள் கிழமைகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்.

உண்மையைச் சொன்னால், நான் ஓட்டுப் போட நினைத்திருந்தது அந்த இரண்டாவது படத்துக்கு. தொப்பி போட்ட அப்பா, பூவாளி பிடித்த அம்மா, பிள்ளைகள். நன்றாக வரைந்த படம், இன்னும் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் நம் தோட்டத்தின் ஸ்பெசிமன் கையெழுத்தாக அதை வைத்தால் செக் திரும்பிவிடும். கூலி கொடுக்காமல் குழல்காரனை அனுப்பிய ஊர்போல ஆகிவிடும்.

ஆகவே பொதுக்குழுவுக்கு என் சார்பில் மூன்று யோசனைகள்.

ஒன்று, ஓட்டெடுப்பை ஒரு மாதம் தள்ளி வைப்போம். வரைந்த மூவரும் சேர்ந்து ஒரு வாரம் காலை ஆறு மணிக்கு மாடிக்கு வந்து, அங்கே என்ன நடக்கிறதோ அதைப் பார்த்து வரையட்டும். மூன்றாவது படத்தில் இருக்கும் இரண்டு கைகள் நல்ல தொடக்கம். அவை யாருடைய கைகள் என்று மட்டும் முடிவு செய்ய வேண்டும். அந்த அம்மாவை வரைவதானால் முதலில் அவரைக் கேட்க வேண்டும். கேட்காமல் வரைவதும் சரியல்ல.

இரண்டு, படத்துக்கு முன்னால் கணக்கைச் சரிசெய்வோம். தண்ணீர் ஊற்றுவதற்குத் தோட்டக் கணக்கிலிருந்து மாதம் ஒரு தொகை. எவ்வளவு என்பதை அவரிடமே பேசிக் கமிட்டி முடிவு செய்யட்டும். அதோடு வாரம் இரண்டு கட்டுக் கீரை அவருடைய பங்காக, ரெஜிஸ்டரில் எழுதி. கேட்டில் யாரும் பையைத் திறந்து பார்க்கக் கூடாது என்று செக்யூரிட்டிக்கு எழுத்துபூர்வமாகச் சொல்ல வேண்டும். படம் மட்டும் போட்டுவிட்டு இதைச் செய்யாவிட்டால், அந்தக் கேரட் கதைபோல நாமும் ஒரு கதை பரப்புகிறோம் என்றுதான் அர்த்தம்.

மூன்று, பழைய ரெஜிஸ்டரை மூடிவிட்டுப் புதியது தொடங்குவோம். என் பதினோரு கையெழுத்துகளையும் சிவப்பு மையில் அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டுவிட்டேன். வங்கியில் திருத்தம் செய்யும் முறை அதுதான்.

முழங்கால் இப்போது தேவலை. இனி செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மாடியில் இருப்பேன். பூவாளி இரண்டு இருக்கிறது. வர முடிந்தவர்கள் வாருங்கள்.